நோயால் தடைபட்ட பிளஸ் டூ: நல்ல கல்லூரிக்கு வழி உண்டு

"உடம்பு சரியில்லாம ஒரு வருஷம் போச்சே" என்று கலங்குகிறீர்களா? பயப்படாதீங்க. ஆனால், சில முடிவுகளை யோசித்து எடுங்கள்.

தேர்வை எப்போது எழுதுவது?
பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்ற பாடத்தை, மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மீண்டும் எழுத முடியாது. எனவே, "எப்படியாவது பாஸ் பண்ணிடலாம்" என்று சிகிச்சையின் நடுவே எழுதும் முன் மருத்துவரிடமும் தலைமை ஆசிரியரிடமும் பேசுங்கள்.

துணைத் தேர்வு போதுமா?
விடுபட்ட பாடங்களைத் துணைத் தேர்வில் எழுதி, அதே ஆண்டு துணைக் கலந்தாய்வில் பங்கேற்கலாம். ஆனால் அங்கே மீதமுள்ள இடங்கள்தான் கிடைக்கும். விரும்பிய கல்லூரிதான் வேண்டுமென்றால், அடுத்த ஆண்டு பொதுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம்.

பள்ளி மாறலாமா?
அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. பிளஸ் டூவில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது கைவிட்டுப் போகும். அவசரப்பட்டு டி.சி. வாங்காதீங்க.

நுழைவுத் தேர்வுகள்
நீட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த 2 ஆண்டுகளில் மட்டுமே எழுதலாம். பிளஸ் டூ தேர்வை முதன்முறை எழுதிய ஆண்டும் இதில் பார்க்கப்படும்.

மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் சான்று இரண்டையும் பத்திரமாக வையுங்கள். இடைவெளிக்குக் காரணம் கேட்டால் அவையே பதில். சந்தேகமா? 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழையுங்கள்.

உடம்பு தேறட்டும், படிப்பு காத்திருக்கும்.