மாடக்கோயில் ஊரில் புதையல் தேடுதல்

யானை ஏற முடியாத உயரத்தில் சந்நிதிகளை அமைத்தவன் கோச்செங்கட் சோழன் என்பது ஐதிகம். அத்தகைய மாடக்கோயில்களுள் ஒன்றான நன்னிலத்து மதுவனேசுவரர் ஆலயம், முழங்கால்கள் கைவிட்டபின் சக்கர நாற்காலியில் சஞ்சரிக்கும் என்னையும் யானையோடு சேர்த்துக் கீழ்ப்படியிலேயே நிறுத்திவிடுகிறது. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடிச் சாய்தளம் வேண்டும் என்பது இக்காலக் கட்டட விதி. சோழனிடம் போய் அதைச் சொல்ல முடியாதாகையால், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் நானும் மாறி மாறி ஒளித்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில், பெட்டியைத் தெருவிலேயே வைத்துத் துப்பை மட்டும் கோயிலிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். கீழிருந்தே எண்ணக்கூடிய படிகளின் தொகை, அடுத்த இடத்துத் தீர்க்கரேகையின் கடைசி இலக்கமாகிவிடும்.

செயற்கைக்கோளின் துணையால் ஒளித்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் இந்த விநோதத்தை, 2000ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஆரம்பித்துவைத்தார். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அந்நாட்டு அரசாங்கம் வேண்டுமென்றே கலந்திருந்த பிழை, அதற்கு முந்தின நாள்தான் நீக்கப்பட்டிருந்தது. பாதையின் கடினத்தை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவது இவ்விளையாட்டின் வழக்கம். ‘ஒன்று’ என்றால் சக்கர நாற்காலி செல்லும் என்று அர்த்தம்.

அந்த ‘ஒன்றை’ நடப்பவர்கள் மிகத் தாராளமாக வழங்கிவிடுகிறார்கள் என்பதே என் மனத்தாங்கல். காவிரிப் படுகை சமதளமான பூமி என்று கண்ணால் கண்டு நிச்சயித்துவிடுகிறார்கள். ஆனால் தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறும் ஓரடி மேடும், ஐப்பசி மழையில் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் களிமண்ணும், சிறிய முன்சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும் மணலும் உட்கார்ந்து செல்பவனுக்கே தெரியும். தை, மாசியிலோ அறுவடையான நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டுவிடுவார்கள். அதன்மேல் சக்கரத்தை உருட்ட எனக்கு மனமும் வராது. ஆதலால் எந்த மாதத்தில் வழி செல்லும், எதில் செல்லாது என்பதையும் குறிப்பிலேயே எழுதிவைப்பது அவசியம்.

பெட்டி, தரையிலிருந்து இரண்டடிக்கும் நான்கடிக்கும் இடையே, முன்னால் சாக்கடை இல்லாத இடத்தில், இடத்துக்கு உடையவரிடம் சொல்லிவிட்டு வைக்கப்பட வேண்டும். கைபேசி ஐந்து மீட்டர் பிசகக்கூடியது. நடப்பவர் நாலு எட்டில் சரிசெய்துவிடும் அந்தப் பிசகு எங்களுக்குத் தனிப் பிரயாணம். எனவே ‘இரும்புக் கிராதியின் தென்கோடிக் கம்பி’ என்பதுபோல் ஸ்பஷ்டமாகத் துப்புக் கொடுத்துவிட வேண்டும். சுவாரசியம் போய்விடுமே என்று பெரிய பேரன் ஆட்சேபித்தான். மூளைக்கு வேண்டுமானால் எத்தனை கடினமான புதிரையும் வை என்றேன். அன்றுமுதல் அவன் வைக்கும் கணக்குகள் என்னைத் திணறடிக்கின்றன.

மூடியும் விசேஷமானது. திருகு மூடிகளை வாதம் பிடித்த விரல்கள் திறக்கமாட்டா. தளர்ந்த மூடியுள்ள பழைய சம்படமும், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போதும். உள்ளே பெயர் எழுத வைக்கும் பென்சில் மட்டும் சற்றுப் பருமனாக இருக்கட்டும்.