தீத்துவதை விடுங்கள், குசினிக்குள் விடுங்கள்

கேள்வி:

அன்புள்ள டொக்டர் அம்மாவுக்கு,

எனக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுடைய அப்பா வாவியில் வலை போடுகிறவர். இறால், நண்டு, மணலை, கொய் என்று கறிக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. ஆனால் மகள் மீனைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்கிறாள். வெறும் சோறும் பருப்பும் சாப்பிடுவாள். அதுவும் இல்லையென்றால் முட்டைப் பொரியல், நூடில்ஸ், பிஸ்கட். கீரை, மரக்கறி எதுவும் வாய்க்குள் போகாது. போனைக் கையில் கொடுத்துவிட்டு வளவு முழுக்கப் பின்னால் திரிந்து தீத்துகிறேன். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. கோபத்தில் அடித்தும் இருக்கிறேன், பிறகு நான்தான் அழுகிறேன். மாமியோ எல்லாம் நான் பழக்கிய பழக்கம் என்கிறா. பால்மா மட்டும் போத்தலில் மூன்று தரம் குடிப்பாள். நான் குசினியில் நின்றால் வந்து மாவில் கை வைப்பாள், தண்ணீரைக் கொட்டுவாள். வேலை கெடுகிறதென்று விரட்டிவிடுவேன். பிள்ளை மெலிந்துகொண்டு போகிறாளோ என்று பயமாக இருக்கிறது. பசி எடுக்க ஏதாவது பாணி மருந்து எழுதித் தருவீர்களா?

ஒரு தாய், படுவான்கரை

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாணி மருந்து எழுதித் தரமாட்டேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: குசினிக்கு வருகிறாள், மாவில் கை வைக்கிறாள், விரட்டிவிடுகிறேன். உங்கள் மகளைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரும் வழி அதற்குள்தான் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பிறந்த குழந்தை ஒரு வருடத்தில் தன் நிறையை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிவிடும். இரண்டு வயதுக்குப் பிறகு அந்த வேகம் இல்லை. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் நிறை கூடும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். கைக்குழந்தையாக இருந்தபோது ஆசையாகச் சாப்பிட்ட பிள்ளை இப்போது நாலு வாயோடு எழும்பிவிடுவது பெரும்பாலும் இதனால்தான். அதோடு, இரண்டு வயது தொடங்கி ஆறு வயது வரைக்கும் புதுச் சாப்பாட்டைக் கண்டு பின்வாங்குவது பிள்ளைகளின் இயல்பு. நடக்கப் பழகி, கண்டதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கக்கூடிய வயதில் அறியாததை மறுப்பது அவர்களுக்கு ஒரு காவல். இது உங்கள் வளர்ப்பின் குறை இல்லை என்பதை மாமிக்கும் சொல்லுங்கள்.

அவளுக்குப் பசியே வராததற்கு உங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது. மூன்று போத்தல் பால்மா. ஒரு போத்தல் 250 மில்லிலீற்றர் என்று வைத்தாலும் 750 ஆகிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 400 தொடக்கம் 500 மில்லிலீற்றர் பால் போதும். அதற்கு மேல் போனால் வயிறு பாலால் நிரம்பிவிடும், சோற்றுக்கு இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. பால் மட்டும் குடித்து வளரும் பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் இரத்தச்சோகையில் விழுந்துவிடலாம். இடையில் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் நிறுத்துங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. போத்தலை எடுத்துவிட்டுக் காலையும் மாலையும் ஒரு கப்பில் பால் கொடுங்கள். நம் ஊர் எருமைத் தயிர் இருக்கிறதே, ஒரு கப் பாலுக்குப் பதில் அதில் ஒரு சிறு கோப்பை கொடுத்தாலும் சரி. போத்தலை எடுத்தால் முதல் சில நாட்கள் அழுவாள். விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுண்டி, மற்ற நேரம் தண்ணீர். இந்த ஒழுங்கு வந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது தீத்துவது. வற்புறுத்தினால் பிள்ளை கூடுதலாகச் சாப்பிடும் என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். நடப்பது வேறு. அமெரிக்காவில் லீன் பேர்ச் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980களிலிருந்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது, பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பம் முன்பைவிடக் குறைந்தது. 2006இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது "முடித்துவிடு, முடித்துவிடு" என்று சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வற்புறுத்தாத சூப்பைத்தான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். "கீரை சாப்பிட்டால் ரொபி தருவேன்" என்று சொல்லும்போது, கீரை தண்டனை, ரொபிதான் நல்ல சாமான் என்று நாமே பிள்ளைக்குப் படிப்பித்து விடுகிறோம்.

எல்லின் சாற்றர் என்ற போசாக்கு நிபுணர் இதற்கு ஒரு எல்லை வகுத்தார். என்ன சாப்பாடு, எந்த நேரம், எந்த இடம் என்பதைத் தாய் தகப்பன் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு, அல்லது சாப்பிடுவதா இல்லையா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கும். உங்களைப் போன்ற தாய்மாருக்கு இதில் இரண்டாவது பாதி எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். 2022இல் சாமான் விலை ஏறிய ஏற்றத்தை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதைக் கடந்து வந்த வீட்டில் பீங்கானில் மிஞ்சிய சோற்றைப் பார்த்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். ஆகவே குறைத்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு போதும், புதிய கறியென்றால் ஒரு தேக்கரண்டி. கேட்டால் பிறகு போடலாம். அரை மணித்தியாலத்தில் பீங்கானை எடுத்துவிடுங்கள். போன் வேண்டாம், பின்னால் ஓட வேண்டாம், அடி வேண்டவே வேண்டாம். எல்லாரும் ஒன்றாகப் பாயில் இருந்து, அதே கறியை நீங்களும் அவள் முன்னால் சாப்பிடுங்கள்.

இனிக் குசினிக்கு வருவோம். நான் இதில்தான் அதிகம் நம்பிக்கை வைக்கிறேன். ஒரு சாப்பாட்டைப் பார்ப்பது, தொடுவது, மணப்பது, நாக்கில் வைப்பது, துப்புவது எல்லாம் சாப்பிடுவதற்கு முந்திய படிகள். பீங்கானுக்கு முன்னால் இருத்திவைத்துக் கடைசிப் படியை மட்டும் கேட்டால் பிள்ளை மறுக்கிறது. குசினியில் மற்றப் படிகளெல்லாம் தன்பாட்டில் நடக்கும், அங்கே சாப்பிடு என்று யாரும் கேட்கப்போவதில்லை. சிரட்டையில் மண் குழைத்துச் சோறு கறி ஆக்கி விளையாடாத பிள்ளை நம் கரையோரக் கிராமங்களில் உண்டா? 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்திய மரியா மொண்டிசோரியும் தன் கல்விமுறையில் ஊற்றுவது, கழுவுவது, தோல் உரிப்பது போன்ற வீட்டு வேலைகளுக்குப் பெரிய இடம் கொடுத்தார். அதுவும் விளையாட்டுச் சாமானில் இல்லை, உண்மையான பாத்திரங்களில்.

பிட்டில் தொடங்குங்கள். சுடுதண்ணீர் ஊற்றுவது உங்கள் வேலை. மா ஆறிய பிறகு விரலால் உதிர்க்க அவளை விடுங்கள். குழல் பிட்டென்றால் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ என்று அவளே போடட்டும், எண்ணவும் பழகுவாள். கொஞ்ச நாள் போனதும் முருங்கையிலை ஒரு கொத்தைக் கையில் கொடுத்து உருவச் சொல்லுங்கள். அதில் எத்தனை இலை தன் பிட்டுக்குள் போக வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும். இரண்டு இலை என்றால் இரண்டே இலை. மரக்கறியைத் தெரியாமல் அரைத்துச் சோற்றுக்குள் ஒளிக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்டுபிடித்தால் இதுவரை சாப்பிட்ட பருப்பையும் சந்தேகப்படுவாள். கண்டுபிடிக்காவிட்டாலும் முருங்கையிலையை அவள் அறியப்போவதில்லை.

தேங்காய்ப்பால் பிழிவது, வெங்காயம் உரிப்பது, வல்லாரை ஆய்வது, பயற்றங்காய் முறிப்பது, அரிசி களைவது எல்லாம் நாலு வயதுக் கைக்கு ஏற்ற வேலைகள். கிளினிக்கில் உங்களுக்குத் திரிபோஷா கிடைத்தால் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருண்டை பிடிக்கக் கொடுங்கள். 1973 தொடக்கம் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் சோளமும் சோயாவும் சேர்ந்த மா அது. தான் பிடித்த உருண்டையைப் பிள்ளை வேண்டாமென்று சொல்வது அரிது.

மீனுக்கு அவசரப்படாதீர்கள். அப்பா வலை உதறும்போது தோணியடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எது மணலை, எது கொய் என்று பேர் சொல்லட்டும், இன்றைக்கு எதைக் கறி ஆக்குவதென்று தெரியட்டும். கெளிறு, ஓரா இரண்டிலும் மட்டும் கை வைக்க விட வேண்டாம், முள் குத்தினால் கடுத்து வேதனை தரும். இறாலென்றால் தலையைக் கழற்றி அவித்து ஆறவைத்துக் கொடுங்கள், கோதை அவள் உடைக்கட்டும். முதல் நாள் உடைப்பாள், தின்னமாட்டாள். அது போதும். எப்போதாவது முள் தொண்டையில் மாட்டியதா என்றும் யோசித்துப் பாருங்கள். அந்தப் பயம் பிள்ளை மனதில் நெடுநாள் நிற்கும். அப்படியானால் முள் இல்லாத இறாலும் கணவாயும்தான் முதல். இன்னொன்று, நம் ஊர்க் கறியின் உறைப்பு. கொச்சிக்காய்த் தூள் போடுவதற்கு முன் அவளுக்கென்று ஒரு பங்கைப் பால் ஆணமாக எடுத்துவையுங்கள். பிள்ளை மீனை மறுக்கிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் பலமுறை கொச்சிக்காயைத்தான் மறுத்திருக்கிறது. இறால், நண்டு, கணவாய் முதல்முறை சாப்பிட்ட பிறகு உடம்பில் தடிப்பு, கடி, உதடு வீக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒரு சாப்பாட்டைப் பிள்ளை ஏற்க பத்து, பதினைந்து தரம் அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். நாம் மூன்று நாலு தரத்தில் "இவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒருமுறை வாயில் வைத்துப் பிடிக்காவிட்டால் துப்ப விடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். சாப்பிட்டாலும் கைதட்டிப் பாராட்டிப் பெரிதாக்க வேண்டாம். இதில் மாமியின் உதவியைக் கேளுங்கள். குறை சொல்லும் வாய்க்கு ஒரு வேலை வேண்டும். சுளகு பிடிக்கவும் கீரை ஆயவும் பேத்திக்கு அவவைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்?

குசினியில் சில விடயங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். விறகடுப்பு நிலத்தோடு இருந்தால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக்கூடாது என்று பழக்குங்கள். கொதிக்கும் சட்டியின் பிடி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மண்ணெண்ணெயைக் குடிக்கும் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், தண்ணீரென்று குடித்து ஆசுபத்திரிக்கு வரும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். முழுக் கச்சானும் ரம்புட்டானும் இந்த வயதில் தொண்டையை அடைக்கும், அவற்றைக் கொடுக்க வேண்டாம். தினமும் சேர்ந்து சமைக்க உங்களால் முடியாது, மூன்று நேரமும் நீங்கள் ஒருத்தியே பார்க்கிறீர்கள். கிழமைக்கு இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். மா கொட்டத்தான் செய்யும். ஒரு பழைய சாக்கை விரித்துவிடுங்கள்.

இவ்வளவும் சுகமாக இருக்கும் பிள்ளைக்குச் சொன்னது. கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக்கோடு படுத்துவிட்டது அல்லது கீழே இறங்குகிறது. கண் மடலின் உள்பக்கம் வெளிறியிருக்கிறது. மண்ணோ பச்சை அரிசியோ எடுத்துத் தின்கிறாள். விழுங்கும்போது இருமுகிறாள், கட்டியான சாப்பாடு எதையும் மெல்ல முடியாமல் ஓங்காளிக்கிறாள். முன்பு சாப்பிட்டதையும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறாள். பேச்சும் முகம் பார்த்துச் சிரிப்பதும் வயதுக்குப் பின்தங்கி இருக்கிறது. இவற்றுக்கு இரத்தப் பரிசோதனையோ பிள்ளைகள் வைத்தியரின் பார்வையோ வேண்டும், குசினி மட்டும் போதாது.

மெலிந்து போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், நிறை எவ்வளவென்று எழுதவில்லை. இந்த மாதக் கிளினிக் நாளில் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் போங்கள். நிறையும் உயரமும் பார்த்துக் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்ததென்றும் கேளுங்கள். அதற்குக் காசு எடுப்பதில்லை. அந்த இலக்கங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.