வழிச்செலவும் ஆடையும்

ஊர்விட்டு ஊர் செல்வோர்க்கு உடன்வரும் துணைகள் இரண்டு. ஒன்று கட்டுச்சோறு, மற்றொன்று ஆடை. கட்டுச்சோறு ஒருவேளையில் தீர்ந்துவிடும். ஆடையோ சென்று மீளுமளவும் உடலை விட்டு நீங்காதது. ஆகவே, அதனைத் தேர்ந்து எடுத்துச் செல்லுதல் அறிவுடையார் செயலாகும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில் வழிநடந்து வருந்திய பொருநன் ஒருவனைக் காண்கின்றோம். அவன் உடுத்திருந்த கந்தல், வேற்று நூலால் பல இடங்களில் தைக்கப்பட்டது, வியர்வையால் நனைந்தது, ஈரும் பேனும் குடியிருந்தது. அதனைக் கண்ட கரிகால்வளவன், கந்தலைக் களைவித்து, பாம்பின் தோலை ஒத்த மெல்லிய ஆடையை அவனுக்கு அளித்தான். உணவோடு உடையும் வழிப்போக்கனது முதல் தேவை என்பதை முடத்தாமக்கண்ணியார் இவ்வாறு அறிவுறுத்துகின்றார்.

அத்தேவை இன்றும் குறைந்திலது. காஞ்சிபுர மாவட்டத்தில், இராமாநுசர் தோன்றிய திருப்பெரும்பூதூருக்கு அருகே பிள்ளைப்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அங்கே சிப்காட் தொழிற்பூங்கா அமைந்திருக்கின்றது. அப்பகுதி முதல் ஒரகடம் வரையுள்ள தொழிற்சாலைகளை நாடித் தென்மாவட்டத்து இளைஞரும் வடமாநிலத்தாரும் பெட்டி படுக்கையுடன் வந்து சேர்கின்றனர். குளிர்நாட்டிலிருந்து வருவோர் தடித்த ஆடைகளையும், புதிதாக வேலையேற்போர் பகட்டான ஆடைகளையும் பெட்டி நிறைய அடுக்கி வருதல் உண்டு. கத்திரி வெயில் தொடங்கியதும் அவற்றுட் பல பயன்படாமற் போகின்றன.

இந்நிலத்து வெப்பம் இருவகைத் துன்பம் உடையது. ஒன்று கதிரவனின் கடுமை. அருகிலுள்ள சென்னையில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் வெப்பம் 45 பாகை செல்சியசை எட்டியது. மற்றொன்று, கீழைக் கடலிலிருந்து வரும் காற்று சுமந்து வரும் ஈரம். வெப்பம் மிகும்போது உடல் வியர்க்கின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலினின்று கவர்ந்து செல்லும். ஆயின், காற்றில் ஈரம் நிறைந்திருப்பின் வியர்வை எளிதில் ஆவியாகாது, வழிந்து சொட்டும். அதனால் உடல் குளிர்வதில்லை. வேர்க்குரு தோன்றும், சோர்வும் மயக்கமும் வரும், வெப்பத்தாக்கு நேரின் உயிருக்கே இடராகும்.

இவ்விடரைக் குறைக்கத் தக்கது பருத்தி ஆடை. நூறு பங்கு எடையுள்ள பருத்தி ஏறத்தாழ 8 பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே ஏற்கும். பாலியெஸ்டர் இழையோ ஒரு பங்கும் ஏற்பதில்லை. நெருக்கமின்றி நெய்யப்பட்டதும், வெளிர்நிறமுடையதும், உடலை இறுக்காததுமான ஆடையே கோடைக்கு ஏற்றது. அதிகக் கஞ்சியிட்டு விறைத்த ஆடை காற்றைத் தடுக்கும்.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. நனைந்தால் அது விரைவில் உலராது. ஆதலின், ஒன்று உடலிலும், ஒன்று கொடியிலும், ஒன்று பெட்டியிலுமாக மூன்று இணை ஆடை வேண்டும். ஆடவர்க்கு மெல்லிய சட்டையும் வேட்டி அல்லது கைலியும், பெண்டிர்க்கு நூற்புடவை அல்லது பருத்திச் சுடிதாரும் ஏற்றவை. உள்ளாடைகள் மட்டும் சில மிகுதியாக இருத்தல் நலம். இரண்டு துண்டுகள் இன்றியமையாதவை. அவை துவட்டவும், வெயிலில் தலையை மறைக்கவும் உதவும்.

பெட்டியில் வைக்கும் துணி முற்றும் உலர்ந்திருத்தல் வேண்டும். சிறிது ஈரம் இருப்பினும் பூஞ்சணம் பூத்து ஏனைய துணிகளையும் கெடுக்கும். வழியில் அழுக்கானவற்றைத் தனிப்பையில் இடுக. மணவிழாவிற்குச் செல்வோர் காஞ்சிப் பட்டினை வழியில் உடுத்தாது, பருத்தித் துணியிற் சுற்றி எடுத்துச் செல்லுதல் முறை. வியர்வை பட்டின் பொலிவையும் சரிகையின் ஒளியையும் கெடுக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. வெப்பத்திற்கு ஏற்ற தளர்ந்த ஆடை, சுழலும் பொறியின் அருகே பகையாகும். தொங்கும் துண்டையோ முந்தானையையோ பொறி பற்றினால் உடுத்தியவரையும் இழுக்கும். ஆதலால், பணியிடத்தில் ஆலையின் சீருடையையே அணிதல் வேண்டும். தளர்ந்த ஆடையை உறைவிடத்திற்கென வைத்தல் வேண்டும். ஆடை எத்தகையதாயினும், அடிக்கடி நீர் பருகுதலும் நிழலில் இளைப்பாறுதலும் கைவிடத்தக்கன அல்ல.

சுமையைக் குறைத்தலிலும் ஓர் அறம் உண்டு. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரையில் காந்தியடிகள் அரையாடை பூண்டார். கதராடை வாங்கவும் வசதியற்ற எளியோரை நினைந்தே அவர் அவ்வாறு செய்தார். வெப்பக் காலத்தில் நம் நாட்டவர்க்கு அதனினும் மிகுதியான ஆடை தேவையில்லை என்றும் அவர் கருதினார். பத்தாண்டு கழித்து, 1931இல் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டனுக்குக் கப்பலேறியபோது, உடன்வந்தோர் பல பெட்டிகளைக் கொணர்ந்திருத்தலைக் கண்டு வருந்தினார். வேண்டாதவை ஏடன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன.

பெட்டியை நிரப்புமுன், செல்லும் நிலம் யாது, காலம் யாது, செய்யும் தொழில் யாது என மூன்றையும் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணி எடுத்த மூன்று ஆடைகள், எண்ணாது திணித்த முப்பதினும் மேலானவை.