கடற்பிராணிகளின் உடல் திரவமும் உப்பு அயனிகளும்

கடல் நீரின் கரிப்புக்கு முதற்காரணம் சோடியம் குளோரைடு என்பது யாவரும் அறிந்ததே. எனினும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் ஆகிய அயனிகளும் அதில் ஏறக்குறைய மாறாத விகிதத்தில் கலந்துள்ளன. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள ஒரு கிலோகிராம் கடல் நீரில் சோடியம் சுமார் 10.8 கிராமும், மக்னீசியம் 1.3 கிராமும், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராமும் அடங்கும்.

கடலில் வாழும் முதுகெலும்பற்ற பிராணிகளுள் பெரும்பாலானவற்றின் உடல் திரவம், மொத்த உப்பின் அளவில் கடல் நீரை ஒத்ததாகும். நட்சத்திர மீனில் ஒவ்வோர் அயனியும் தனித்தனியே ஏறத்தாழ அதே அளவில் காணப்படுகிறது. ஐரோப்பியக் கடலின் பெரிய கல் இறாலிலோ நிலைமை வேறு. அதன் இரத்தத்திலுள்ள மக்னீசியம், கடல் நீரில் உள்ளதில் சுமார் ஏழில் ஒரு பங்கே. மிகுதியை, உணர்கொம்பின் அடியிலுள்ள கழிவுச் சுரப்பி சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. மக்னீசியம் நரம்பையும் தசையையும் மந்தப்படுத்தும் தன்மையது. ஆகவே விரைந்து இயங்கும் பிராணிகளில் அது குறைந்திருப்பது பொருத்தமே. கடற்பிராணிகளைப் பதப்படுத்துமுன் மக்னீசியம் குளோரைடு கரைசலில் இட்டு மயக்குவதும் இத்தன்மை பற்றியே.

சில இறால்கள் மொத்த உப்பையும் கட்டுப்படுத்த வல்லவை. கடல் நீரில் இருக்கையிலும் அவற்றின் இரத்தம் அந்நீரைவிடச் செறிவு குறைந்திருப்பதை, டாக்டர் என். கேசவ பணிக்கர் 1941-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். பின்னர் மண்டபம் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கிய அவர், 1966-இல் தோன்றிய தேசிய கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் ஆனார்.

இவ்வறிவு இறால் வளர்ப்போருக்கு நேரே பயன்படுவது. உவரான நிலத்தடி நீரில் மொத்த உப்பு போதுமானதாயினும், பொட்டாசியம் பெரிதும் குறைந்திருப்பது உண்டு. செவுளின் உயிரணுக்கள் சோடியத்தை இரத்தத்துள் ஏற்றுவதற்குப் பொட்டாசியம் இன்றியமையாதது. அது குறைந்தால் இறால் சோர்ந்து மடியும். அரியானாவில் ரோத்தக் அருகேயுள்ள லாலி என்னுமிடத்தில், மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் நிலையம், இத்தகைய நீரில் பொட்டாஷ் உரமிட்டு இறால் வளர்க்கும் முறையை வகுத்தது.

ஆதலின், உப்புமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் குளத்தில் குஞ்சுகளை விடலாகாது. அக்கருவி உப்பின் மொத்தத்தைக் கூறுமேயன்றி வகையைக் கூறாது. கடல் நீரின் விகிதப்படி, ஆயிரத்துக்கு 15 பங்கு உப்புள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 170 மில்லிகிராம் பொட்டாசியம் இருத்தல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்து, கிடைத்த அளவை இதனோடு ஒப்பிட்ட பின்னரே குறையை நிரப்ப முற்படுதல் நலம். மாணவர்க்கும் இது விகிதக் கணக்கில் நல்லதோர் பயிற்சியாகும்.