தலையில் இருக்கும் பெயரைக் கடைசியாகப் படி

அன்புள்ள தம்பிக்கு,

நீ பெரம்பலூரிலிருந்து எழுதிக் கேட்டது, பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டுக் குழம்பி நிற்கும் பலருடைய கேள்வி. அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். விற்றவர் "ஃபாரின் பீஸ், எண்பதுகளில் வந்தது" என்றார். நீ காட்டிய கடைக்காரர், நெக்கில் "மேட் இன் இந்தியா" என்று இருப்பதைப் பார்த்ததுமே "டூப்ளிகேட்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கிட்டாரின் தலையில் ஸ்குவையர் டூ என்று எழுதியிருக்கிறது. யாரை நம்புவது என்கிறாய்.

இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். ஆனால் கடைக்காரர் சொன்ன காரணம் தவறு என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஸ்குவையர் முதலில் ஸ்ட்ரிங் செய்த கம்பெனி. 1965-ல் அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான ஃபெண்டர் அதை வாங்கியது. 1982-ல் அந்தப் பெயரில் ஜப்பானில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். ஜப்பானில் செலவு ஏறியதும் வேலை கொரியாவுக்குப் போனது. 1980களின் கடைசியில் ஸ்குவையர் டூ என்ற மலிவு வரிசை வந்தது. அதில் பெரும்பகுதி கொரியாவில் செய்தது, கொஞ்சம் நம் நாட்டில் செய்தது. ஃபெண்டர் கையில் இருந்த சன் என்ற பெயரிலும் மஸ்டாங் என்ற கிட்டார் இந்தியாவில் தயாராகிப் போனது. ஆகவே ஸ்குவையர் டூ என்ற பெயரும் மேட் இன் இந்தியா என்ற எழுத்தும் ஒரே கிட்டாரில் இருப்பது மோசடிக்கு அடையாளமே இல்லை. இந்தியாவில் செய்தது என்றாலே போலி என்று நம் ஊர்க் கடைகளிலேயே தீர்ப்புச் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதற்காக உன்னுடையது அசல்தான் என்று நான் சொல்லிவிடவில்லை. தலையில் ஒட்டும் எழுத்துகளைத் தனியாகவே விற்கிறார்கள். தண்ணீரில் நனைத்து ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்தால் ஐந்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. போதாததற்கு, கல்கத்தாவின் கிவ்சன் போல, பிரபலமான வெளிநாட்டுப் பெயரின் சாயலிலேயே பெயர் வைத்துக்கொண்ட இந்தியக் கிட்டார்களும் உண்டு. 1991-க்கு முன் வெளிநாட்டுக் கிட்டார் இங்கே சுலபமாக இறக்குமதி ஆகாது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பியவர் பெட்டியோடு கொண்டுவந்தால்தான் உண்டு. அந்தக் காலத்தில் நம் சர்ச்சுகளிலும் மெல்லிசைக் குழுக்களிலும் ஒலித்தவற்றில் பல இந்தியக் கிட்டார்கள்தான். அவற்றைப் போலி என்று ஒதுக்குவது தவறு. அவற்றின் தலையில் பிற்பாடு வேறு பெயர் ஒட்டி விற்பதுதான் போலி.

அதனால் தலையில் இருக்கும் பெயரைக் கடைசியாகப் படி. முதலில் சீரியல் எண்ணுக்கு வா. எண்ணும் தனியாக நின்று முழு உண்மையைச் சொல்லாது. ஃபெண்டரில் இ என்ற எழுத்தோடு ஆறு இலக்கம் இருந்தால் அது 1980களின் அமெரிக்கக் கிட்டாராக இருக்கலாம். 1984-லிருந்து 1987 வரையிலான ஜப்பான் கிட்டாராகவும் இருக்கலாம். நெக்கில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். மெக்சிகோவில் செய்தவற்றில் எம்.என். என்று தொடங்குபவை 1990களைச் சேர்ந்தவை, எம்.இசட். என்பவை 2000களைச் சேர்ந்தவை. அடுத்து வரும் முதல் இலக்கம் ஆண்டைச் சொல்லும்: எம்.இசட்.5 என்றால் 2005. இன்று நம் சந்தையில் அதிகம் புழங்கும் ஸ்குவையரில் ஐ.சி.எஸ். என்று இருந்தால் இந்தோனேசியாவில் கார்ட் தொழிற்சாலையில் செய்தது. சி.ஜி.எஸ். என்று இருந்தால் சீனாவில் கிராண்ட் ரிவார்ட் தொழிற்சாலையில் செய்தது. இரண்டிலும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. பழைய ஜப்பான் ஐபனெஸ் கிட்டாரில் ஏ முதல் எல் வரையிலான எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். எச்78 என்றால் 1978 ஆகஸ்ட். விற்றவர் எண்பதுகள் என்று சொல்லியிருக்க, எண் ஐ.சி.எஸ்.11 என்று தொடங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

சில கிட்டார்களில் எண் நெக் மாட்டும் தகட்டில் இருக்கும். அதைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட நான்கு ஸ்க்ரூ போதும். ஆகவே உள்ளே பார்க்க வேண்டும். இங்கே அவசரம் கூடாது. முதலில் ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்து. சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை எடு. தலை தேய்ந்த ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டினால் மரம்தான் பிளக்கும். நெக்கைக் கழற்றியதும் பாடிக்குள் உட்காரும் அதன் அடிப்பாகத்தைப் பார். பென்சிலில் எழுதிய தேதியோ, ரப்பர் முத்திரையோ, தொழிற்சாலைக்காரர் தமக்காகப் போட்ட எண்ணோ இருக்கலாம். நெக் உட்காரும் குழியில் மரத்தின் விளிம்பையும் கவனி. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பாடி பிளைவுட். பிளைவுட் என்றதும் மனம் உடைய வேண்டாம், மலிவு வரிசைகளில் அது வழக்கம். ஆனால் விலை உயர்ந்த அமெரிக்கக் கிட்டார் என்று சொல்லி விற்றதில் பிளைவுட் இருந்தால் விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார்.

பிறகு பிக்கார்டைத் திற. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்டின் முதுகில் எண் இருக்கும். 137 என்று தொடங்கினால் அமெரிக்காவின் சி.டி.எஸ். கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அதைத் தொடர்வது ஆண்டும் வாரமும். 1377823 என்றிருந்தால் 1978-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் செய்த பாட். இதை வைத்துக் கிட்டார் 1978-ல் செய்தது என்று முடிவு கட்டிவிடாதே. 1978-க்கு முன் இந்தப் பாட்டோடு அது வெளிவந்திருக்க முடியாது, அவ்வளவுதான். 1966-ல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்டுகளை அதற்குப் பின் சில ஆண்டுகள் வரை போட்டுத் தீர்த்தார்கள். ஈயப்பற்று யாரும் தொடாமல் இருக்கிறதா என்பதையும் பார். புதுப் பளபளப்போடு ஒரு பற்று தெரிந்தால் அந்தப் பாகம் மாறியிருக்கிறது. அதன் தேதியை வைத்துக் கிட்டாரின் வயதைச் சொல்லக் கூடாது.

பிரிட்ஜில் சேடில்களை ஏற்றி இறக்கும் சின்னத் திருகுகளும் பேசும். அமெரிக்கக் கிட்டாரில் அவை அங்குலக் கணக்கு, ஆசியாவில் செய்தவை பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கு. 1.5 மி.மீ. எல்-கீ ஆட்டமில்லாமல் பொருந்துகிறதா என்று பார். பாடியின் தடிமனையும் ஒரு ஸ்கேல் வைத்து அள. ஃபெண்டரின் வழக்கமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் சுமார் 45 மி.மீ. இருக்கும். மலிவு வரிசைகளில் பல அதைவிட மெல்லியவை.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதில் நம் மண்ணின் பங்கு இருக்கிறது. உலகத்துக் கிட்டார்களின் ஃபிரெட்போர்டில் இருக்கும் ரோஸ்வுட்டில் பெரும்பகுதி நம் தெற்கத்திக் காடுகளில் வளரும் தோதகத்தி மரம்தான், ஈட்டி என்றும் சொல்வோம். 2017 ஜனவரியில் உலக அளவில் அந்த மரப் பேரினம் முழுவதன் வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டுப் பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆகவே மெக்சிகோ ஃபெண்டரில் சற்று வெளிறிய, செம்பழுப்பான பாவ் ஃபெரோ போர்டைக் கண்டால் அது 2017-ஐ ஒட்டியோ அதற்குப் பிந்தியோ செய்தது என்று கொள்ளலாம். எந்தச் சட்டம் எந்த ஆண்டில் வந்தது என்பதையும் கிட்டார்க்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

துருவையும் கீறலையும் வயதுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீட்டில் உறையில்லாமல் தொங்கும் கிட்டார் சீக்கிரமே கிழடு தட்டிவிடும். நம் கோடையின் வறட்சியில் போர்டு சுருங்கி ஃபிரெட்டின் முனைகள் விரலைக் கீறத் தொடங்கும். இதெல்லாம் அது எங்கே கிடந்தது என்பதைச் சொல்லும், எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது.

அடுத்து, காகிதம். விற்றவர் பழைய பில் ஒன்றும் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். உன் பக்கத்து அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காகிதத்தின் பொய்யைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கை வழியாக, 2008-ல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகத்துக்கு சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனார். சிலை பல ஆண்டுகளுக்கு முன்பே முறைப்படி இந்தியாவை விட்டு வெளியேறியதாகக் காட்டும் ஆவணங்கள் கூடவே இருந்தன. பெரிய காட்சியகமே அவற்றை ஏற்றுக்கொண்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1990களில் அதே கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள் அந்த ஆவணங்களைப் பொய்யாக்கின. காகிதம் சொன்ன காலத்தில் சிலை ஊரிலேயே இருந்தது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

ஒரு பழைய கிட்டாருக்கு இவ்வளவு பெரிய கதை எதற்கு என்று நினைக்காதே. பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா, அது கிட்டாரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார். ஒத்துப்போகாவிட்டால் அது வேறொரு கிட்டாரின் பில். இன்னொன்றையும் யோசி. பழைய கிட்டாரின் பூர்வீகம் என்பது பிறந்த ஊரோடும் ஆண்டோடும் முடிவதில்லை. யார் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதும் அதில் சேர்த்திதான். எங்கோ ஒரு பையன் கடன்பட்டு வாங்கித் திருட்டுக் கொடுத்த கிட்டாராக அது இருந்துவிடக் கூடாது. விற்றவரிடம் கூச்சப்படாமல் கேள். நேர்மையாக வைத்திருந்தவர், அதை வாசித்த மேடைகளின் படத்தையாவது காட்டுவார். அந்தப் படத்தில் கிட்டாரின் கீறல்கள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்.

உன் கிட்டார் நிஜமாகவே இந்தியாவில் செய்த ஸ்குவையர் டூ என்று தெரியவந்தால், அதனால் உனக்குப் பெரும் பணம் வந்துவிடாது. எனக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பணத்தை மனதில் வைத்துத் தேடுகிறவனுக்கு ஒவ்வொரு அடையாளமும் ஆசைப்பட்ட ஆண்டையே காட்டும். நம் நாட்டுத் தொழிலாளிகள் வெளிநாட்டுக் கம்பெனியின் அளவுக்கு ஃபிரெட் அடித்த ஒரு குறுகிய காலம் உண்டு. அதைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. மிச்சமிருக்கும் கிட்டார்கள்தான் ஆவணம். டூப்ளிகேட் என்று சொல்லி ஒவ்வொன்றையும் பிரித்து, பிக்கப் ஒரு பக்கமும் நெக் ஒரு பக்கமுமாக விற்றுத் தீர்த்தால் அந்தக் காலத்துக்குச் சாட்சி இருக்காது.

அதனால் எல்லாவற்றையும் எழுதி வை. ஒரு நோட்டில் நீ கண்ணால் பார்த்ததை ஒரு பக்கமும், ஊகித்ததை எதிர்ப் பக்கமும் எழுது, இரண்டையும் கலக்காதே. எந்தப் பாகம் மாறியிருக்கிறது, நீயாக எதை மாற்றினாய் என்பதற்குத் தேதி போடு. கழற்றிய பழைய பாகம் ஓட்டையாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு வை. நாளைக்கு நீ விற்கும்போது கிட்டாரோடு அந்த நோட்டையும் கவரையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தின நாள் கிட்டாரைப் பிரிக்காதே, திங்கட்கிழமை பிரி. நெக்கின் அடிப்பாகம், நெக் உட்காரும் குழி, பாட்டின் முதுகு, பிக்கப்பின் அடிப்பக்கம், தலையின் முன்னும் பின்னும் என்று பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து அனுப்பு. பாட்டின் எண் மங்கலாக இருந்தால் உலர்ந்த துணியால் மட்டும் துடை, பெட்ரோலோ தின்னரோ போட்டுத் தேய்க்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்