முதல்ல தபால்பெட்டியில உன் பேரை ஒட்டு

ஜெர்மனியில ரூம் சாவி கைக்கு வந்ததும், சூட்கேஸைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி கீழே போய் தபால்பெட்டியிலயும் காலிங் பெல்லிலயும் உன் பேரை ஒட்டிடு தங்கச்சி. தபால்காரர் அங்க பார்க்கிறது பேரைத்தான். பேர் இல்லைன்னா பேங்க் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு, வரி எண் எல்லாம் வந்த வழியே திரும்பிடும்.

அடுத்தது முகவரிப் பதிவு. 'ஆன்மெல்டுங்'னு சொல்வாங்க. குடிபோன 2 வாரத்துக்குள்ள பண்ணணும். நீ குடிவந்துட்டன்னு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேணும். பெரிய ஊர்கள்ல அப்பாயின்ட்மென்ட் லேசுல கிடைக்காது, ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல தேதி பிடி. வாடகை கம்மி, ஆனா பதிவு மட்டும் பண்ணக் கூடாதுன்னு யாராவது ரூம் காட்டினா வேண்டவே வேண்டாம். பதிவு இல்லாம விசா நீட்டிக்கப் போய் நிக்க முடியாது.

படிப்பு விசாவுக்காகப் போட்டு வெச்ச பிளாக்ட் அக்கவுன்ட்ல 11,904 யூரோ கிடக்குதேன்னு தெம்பா இருந்துடாதே. மாசம் 992தான் வெளிய வரும், அதுவும் உனக்குன்னு ஒரு பேங்க் கணக்கு திறந்த பிறகு. வீட்டு அட்வான்ஸே மூணு மாச வாடகை வரைக்கும் கேட்கலாம். முதல் மாசச் செலவை அப்பாகிட்ட தனியா வாங்கிக்கோ, கூச்சப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அரிசி, தயிர் எல்லாம் சனிக்கிழமையே. காலி தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போடாதே, சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா 25 சென்ட்.

தாளிக்கிறப்போ ஜன்னலைத் திற. தாளிக்காத நாள்லயும் திற. பனி கொட்டினாலும் காலையும் மாலையும் அஞ்சு நிமிஷம், முழுசா. எல்லாத்தையும் மூடிட்டு ஹீட்டர் மேல துணி காய வெச்சா சுவர்ல பூஞ்சை பிடிக்கும். காலி பண்றப்போ அட்வான்ஸ்ல கை வைப்பாங்க.

டிசம்பர்ல சாயங்காலம் நாலு, நாலரைக்கே இருட்டிடும். வீட்டு ஞாபகம் வந்து அழுத்துறதும் அப்பத்தான். அதனால வெளிச்சம் இருக்கிறப்பவே ஒரு நடை போயிட்டு வா. அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நம்மூருக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி வித்தியாசம். நீ ராத்திரி 8 மணிக்குக் கூப்பிட்டா இங்க 12.30, அம்மா பதறிடுவாங்க. மதியம் 1 மணிக்கு மென்ஸாவுல, அதான் யுனிவர்சிட்டி கேன்டீன்ல, சாப்பிட உட்காரும்போது கூப்பிடு, அவங்க காபி குடிச்சுட்டு சும்மா இருக்கிற நேரம்.

கிளாஸ்ல பேர் கொடுத்தாச்சேன்னு இருந்துடாதே. பல யுனிவர்சிட்டியில பரீட்சைக்குத் தனியாப் பதிவு பண்ணணும், தேதி தாண்டினா அடுத்த செமஸ்டர்தான்.

ராத்திரியில காய்ச்சல்னா 116117, உயிர் போற அவசரம்னா 112. ரெண்டையும் இப்பவே போன்ல ஏத்து. அம்மாகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம், அவங்க கஷாயம்தான் சொல்லப்போறாங்க.