பதிவேட்டில் இறந்தவர் எழுதிய நாவல்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



மலருக்குக் கட்டுரை தருகிறேன் என்றதும், "லேத்தைப் பற்றி எழுது, வெல்டிங்கைப் பற்றி எழுது" என்றார்கள் நம் வகுப்புத் தோழர்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு நாவலைப் பற்றி எழுதுகிறேன். "டிப்ளமோ படிக்கிறவனுக்கு நாவல் எதுக்கு?" என்று கேட்காதீர்கள். இந்த நாவலின் நாயகனும் ஆலைக்கு வேலைக்குப் போகும் பையன்தான். வயது 14. நம்மைவிட நாலு வருஷம் சின்னவன்.

நாவலின் பெயர் 'விதியின்மை'. எழுதியவர் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த இம்ரே கெர்த்தேஸ். ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. ஆனால் மெதுவாகப் படிக்க வேண்டிய புத்தகம்தான் அது.

யார் இந்த கெர்த்தேஸ்?

1929 நவம்பர் 9 அன்று புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1944 மார்ச் மாதம் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் நுழைந்தது. ஏப்ரல் முதல் யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. மே நடுவில் தொடங்கி ஜூலை ஆரம்பத்துக்குள், 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ் கொலை முகாம். அந்த வருஷம் பிடிபட்டவர்களில் 14 வயது கெர்த்தேஸும் ஒருவர். ஆஷ்விட்ஸிலிருந்து பூகன்வால்ட் முகாமுக்குக் கொண்டு போனார்கள். 1945ல் விடுதலையாகி ஊர் திரும்பினார்.

நாவலை எழுத அவருக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. முதலில் கொடுத்த பதிப்பகம் திருப்பிவிட்டது. 1975ல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. அப்போதும் அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ஜெர்மன் நூல்களை மொழிபெயர்த்துத்தான் அவர் பிழைப்பு நடத்தினார். 2002ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2016ல் காலமானார்.

கதைச் சுருக்கம்

பையன் பெயர் கோவேஷ். அப்பாவைக் கட்டாய வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவனுக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒரு போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி யூதர்களை மட்டும் இறக்கிவிடுகிறார். கையில் முறையான அனுமதிச் சீட்டு இருந்தும் பயனில்லை. அங்கிருந்து செங்கல் ஆலைக்கும், பிறகு ரயிலுக்கும் கொண்டு போகிறார்கள். "ஜெர்மனிக்கு வேலைக்குப் போறோம், நாலு ஊரைப் பார்க்கலாம்" என்றுதான் பையன்கள் நினைக்கிறார்கள். ஆஷ்விட்ஸில் இறங்கியதும் அங்கிருந்த கைதிகள் காதோடு சொல்கிறார்கள்: "வயசு பதினாறுன்னு சொல்லு." அவனும் அப்படியே சொல்கிறான். அந்த ஒரு பொய் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. பசி, வேலை, முழங்காலில் சீழ் என்று சாவின் விளிம்புவரை போய், ஒரு வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அப்பா இறந்துவிட்டார்.

இனி, இந்த நாவலிலிருந்து நான் படித்துக்கொண்ட பாடங்கள்.

முதல் பாடம்: நான் யார்?

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கோவேஷிடம் புலம்புகிறாள். "ஜனங்க ஏன் நம்மை வெறுக்கிறாங்க? நமக்குள்ளேயே ஏதோ வித்தியாசம் இருக்கணும்" என்பது அவள் எண்ணம். அதற்கு இவன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறான். பிறந்த அன்றே உன்னையும் வேறொரு குழந்தையையும் மாற்றி வைத்திருந்தால்? அந்தப் பெண்தான் இன்றைக்கு நட்சத்திரம் குத்திக்கொண்டு அழுவாள். உனக்கு எந்தக் குறையும் இருக்காது. வித்தியாசம் எல்லாம் சட்டையில் இருக்கிற துணியில்தான். இதைக் கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிடுகிறாள். காரணம் இல்லாமல் துன்பப்படுவதைவிட, ஏதாவது ஒரு காரணத்துக்காகத் துன்பப்படுவது மனிதனுக்குக் கொஞ்சம் ஆறுதல் போலிருக்கிறது. காரணமே இல்லை என்று தெரிந்தால் தாங்க முடிவதில்லை.

கெர்த்தேஸின் சொந்த வாழ்க்கையிலும் இதைப் போல ஒன்று உண்டு. நோபல் சொற்பொழிவில் அவரே சொன்னது. பரிசு அறிவித்த பிறகு பூகன்வால்ட் நினைவிடத்திலிருந்து அவருக்கு ஒரு நகல் வந்தது. 1945 பிப்ரவரி 18ஆம் தேதி முகாமின் அன்றாடப் பதிவேடு. கைதி எண் 64921, இம்ரே கெர்த்தேஸ், ஆலைத் தொழிலாளி, பிறப்பு 1927, இறந்துவிட்டார் என்று அதில் இருந்தது! வயதையும் தொழிலையும் அவரே மாற்றிச் சொல்லியிருந்தார், சின்னப் பையன் என்று தள்ளிவிடக் கூடாது, வேலைக்கு ஆகிறவன் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாவது பொய்யைப் பதிவேடே எழுதிக்கொண்டது. காகிதத்தில் இறந்த ஆள்தான் பிறகு அந்த நாவலை எழுதினார். காகிதம் சொல்வது ஒன்று, மனுஷன் ஒன்று.

இரண்டாம் பாடம்: படிப்படியாக

ஆஷ்விட்ஸில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து, டாக்டர் பார்த்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கை காட்டுகிற வரைக்கும் ஏறக்குறைய 20 நிமிஷம். தப்பி வந்தவர்களில் பலர் இந்த 20 நிமிஷத்தை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கெர்த்தேஸ் தாண்டவில்லை. வரிசை நகர்கிறது, ஒவ்வொருவரும் ஓர் அடி முன்னால் வைக்கிறார்கள், அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. பின்னால் நடப்பது எழுதுகிறவருக்குத் தெரியும், ஆனால் பையனுக்குத் தெரியாது. அவன் அறிவுக்கு எட்டியதை மட்டுமே எழுதுகிறார். அதனால்தான் அவன் எதற்கெடுத்தாலும் "இயல்புதானே" என்கிறான். முகாமில் அடி விழுவது இயல்பு, பசி இயல்பு. படிக்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

ஊர் திரும்பிய பிறகு அவன் சொல்லும் வாதமும் இதுதான். எல்லாம் தானாக 'வந்தது' என்று சொல்லாதீர்கள், நாமும் அடி எடுத்து வைத்தோம். விதி என்று ஒன்று இருந்தால் சுதந்திரம் இல்லை. சுதந்திரம் இருந்தால் விதி இல்லை. 'விதியின்மை' என்ற தலைப்பின் பொருளே இங்கேதான் விளங்குகிறது. கொடுமை செய்தவர்களை அவன் மன்னித்துவிட்டான் என்று இதற்கு அர்த்தம் இல்லைங்க. 'பாவம், பலியானவன்' என்று மட்டும் சொல்லித் தன் வாழ்க்கையை யாரும் மூடி வைக்கக்கூடாது என்கிறான்.

மூன்றாம் பாடம்: மறப்பதா, நினைப்பதா?

திரும்பி வரும்போது டிராமில் ஒரு பத்திரிகைக்காரர் அவனிடம், "அந்த நரகத்தைப் பற்றிச் சொல்லு" என்கிறார். பையன் சொல்கிறான்: நரகம் எனக்குத் தெரியாது, முகாம்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியவர்களோ, "எல்லாத்தையும் மறந்துடு, புது வாழ்க்கை தொடங்கு" என்கிறார்கள். அதையும் அவன் ஏற்பதில்லை. புது வாழ்க்கை என்று ஒன்று கிடையாது, பழைய வாழ்க்கையைத்தான் தொடர முடியும் என்பது அவன் பதில். ஒருவருக்குக் கொடுமை மட்டும் வேண்டும், மற்றவர்களுக்கு மறதி வேண்டும். இருவருமே அவன் வாழ்ந்ததைக் கேட்கவில்லை. முகாமிலும் மாலை நேரத்தில் ஒரு நிம்மதி இருந்தது, சூப்பு வாசனை வந்தபோது வாழ ஆசை வந்தது. இதை யார் கேட்டார்கள்? நாவலின் கடைசிப் பக்கத்தில் அவன் பேச நினைப்பது அந்த மகிழ்ச்சியைப் பற்றித்தான். நான் திரும்பத் திரும்பப் படித்த பக்கம் அது.

நமக்கு இதில் என்ன?

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். என் அப்பாவும் அம்மாவும் நான் பிறப்பதற்கு முன்னால் முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளையில் சில வருஷம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள். ஆஷ்விட்ஸும் அதுவும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இரண்டு பேருக்கும் செய்கிற அநியாயம். ஆனால் "எவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அப்பா, "அதெல்லாம் எதுக்குடா இப்ப, நீ படிக்கிற வழியைப் பாரு" என்று முடித்துவிடுவார்.

இந்த நாவலைப் படித்த பிறகு கேள்வியை மாற்றினேன். "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? ஒரு நாளைக்கு எத்தனை கல் அறுப்பீங்க?" அப்பா பேச ஆரம்பித்தார். விடியற்காலம் மூணு மணிக்கு மண் மிதிக்க இறங்குவதைச் சொன்னார். மழை வந்தால் பச்சைக் கல் கரைந்து அன்றைய கூலி போவதைச் சொன்னார். ராத்திரி சூளைச் சூட்டில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்றதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். அவர்கள் அந்த வருஷங்களில் சிரித்திருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தோழர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். பழசை மறந்தால்தான் முன்னுக்கு வரலாம் என்று சிலர் சொல்வார்கள். வெறும் அழுகையாக அதைத் தூக்கிக்கொண்டு திரியச் சொல்வோரும் உண்டு. கெர்த்தேஸ் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகிறார்: நடந்ததை நடந்தபடி, ஒவ்வோர் அடியாக, அதில் இருந்த சின்ன சந்தோஷத்தையும் விடாமல் சொல்வது. தேர்வு முடிந்து விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். கஷ்டத்தைக் கேட்காதீர்கள், ஒரு நாளைக் கேளுங்கள். சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.